உரிமம் இல்லாதவர்கள் ஆசிரியர்கள் இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும் அதிபர்களும், குறிப்பாக ஏதாவது ஒரு குழுவில் 'அட்மின்' பொறுப்பில் இருப்பவர்களும், கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.

நான் அங்கம் வகிக்கும் ஓர் ஆசிரியர் குழு மூன்று வருடங்களாக ஒரு விக்கி நடத்தி வருகிறது. விக்கி என்றால் பலர் சேர்ந்து எழுதி, பலர் சேர்ந்து திருத்தும் இணையப் பக்கங்களின் தொகுப்பு. தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம், கணிதம் இரண்டுக்கும் தமிழ்மொழி மூலப் பாடக்குறிப்புகள், செயலட்டைகள், கடந்தகால வினாத்தாள் விளக்கங்கள், ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் செய்து காட்டக்கூடிய பரிசோதனைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. சிங்கள மொழி மூலத்தில் பத்து இடத்தில் கிடைப்பது நமக்கு ஓர் இடத்தில்கூடக் கிடைப்பதில்லை என்பதால்தான் இதைத் தொடங்கினோம்.

மென்பொருளுக்கு ஆள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். அதுவும் டொலரில். எங்களிடம் படித்து இன்று வெளிநாட்டில் வேலை செய்யும் சிலர் 25 பேருக்கான உரிமத்தை எடுத்துத் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. மற்ற எல்லோரும் இதுவரை வாசிக்க மட்டும் முடியும் என்ற நிலையில் இருந்தார்கள்.

போன கிழமை குழுவில் ஓர் அறிவித்தல் வந்தது. உரிமம் பெற்ற உறுப்பினர்கள் தவிர்ந்த ஏனையோருக்கான பார்வை அனுமதி எதிர்வரும் முதலாம் திகதியுடன் நிறுத்தப்படுமாம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "சேர், இது டெக்னிக்கல் விடயம், கமிட்டி பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தது.

இது டெக்னிக்கல் விடயம் இல்லை. யார் வாசிக்கலாம், யார் வாசிக்கக் கூடாது என்று தீர்மானிப்பது எந்தக் காலத்திலும் டெக்னிக்கல் விடயமாக இருந்ததில்லை.

யார் இந்த உரிமம் இல்லாதவர்கள்?

பெயர் சொல்லாமல் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பலருக்கு இவர்களைத் தெரியும்.

ஒருவர் தொண்டர் ஆசிரியை. நியமனம் இல்லை, சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாடசாலையில் 10, 11ஆம் தரங்களுக்கு விஞ்ஞானம் எடுக்க அவரை விட்டால் ஆள் இல்லை. அவர் படித்தது கலைப் பிரிவு. இரவில் விக்கியைத் திறந்து தான் படித்துக்கொண்டு, காலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்.

இன்னொருவர் போன வருடம் இடமாற்றம் பெற்றுப் போன ஆசிரியை. உயிரியல் அலகுகளில் முப்பது பக்கங்களுக்கு மேல் அவர் எழுதியவை. அவர் போனதும் அவருடைய உரிமத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். இருக்கும் 25ஐப் பகிர வேண்டும் என்பதால் அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் முதலாம் திகதிக்குப் பிறகு அவர் எழுதிய பக்கத்தை அவரே திறந்து பார்க்க முடியாது.

மூன்றாவது, கல்விக் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்து, மூன்றாம் வருடம் பாடசாலைகளில் பயிற்சி செய்யும் பிள்ளைகள். நானும் அந்த வழியால் வந்தவன்தான். அந்த ஒரு வருடம் ஒரு நல்ல பாடக்குறிப்பு கையில் கிடைத்தால் அதன் பெறுமதி என்ன என்று அந்த வழியால் வந்த எல்லோருக்கும் தெரியும்.

நான்காவது, வீட்டில் ஒரே ஒரு போன் உள்ள மாணவர்கள். வாப்பா கடையில் இருந்து வந்த பிறகுதான் அந்த போன் கைக்கு வரும். அந்த நேரத்தில் கடவுச்சொல் கேட்கும் பக்கத்தின் முன் உட்கார்ந்து அவர்கள் என்ன செய்வது?

இவர்கள்தான் 'ஏனையோர்'. இந்த விக்கி யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்குத்தான் இப்போது கதவு அடைக்கப்படுகிறது. மிஞ்சியிருக்கப் போகும் 25 பேரில் பாதிப் பேருக்கு அந்தக் குறிப்புகள் தேவையே இல்லை. அவர்கள்தானே எழுதினார்கள்!

உரிமம் என்பது என்ன?

மென்பொருள் விற்கும் கம்பனி மாத முடிவில் பில் போட வேண்டும். எத்தனை தலைக்குப் போடுவது என்று எண்ணுவதற்கான கணக்குத்தான் உரிமம். யார் நம்பிக்கைக்குரியவர், யாருக்குத் தேவை, யார் பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்று அது எதையும் சொல்வதில்லை. கம்பனியின் பில் கணக்கை நாங்கள் எடுத்து, எங்களுக்குள் யார் ஆசிரியர் என்று தீர்மானிக்கும் அளவுகோலாக மாற்றிவிட்டோம்.

அந்தக் கம்பனிகளே இப்படி நினைப்பதில்லை. கொன்ஃபுளுவன்ஸ் என்ற பிரபலமான விக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் பாவிப்பது. அதில் உரிமம் இல்லாதவருக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுக்கத் தனியாக வழி வைத்திருக்கிறார்கள். உதவி கேட்டு வருபவர்களுக்கான சேவை மேசையோடு அதை இணைத்தால், கேள்வி கேட்க வரும் ஆள் உரிமம் இல்லாமலே உதவிப் பக்கங்களை வாசிக்கலாம். எழுத முடியாது, கருத்திட முடியாது. கணக்கே இல்லாத ஆளும் வாசிக்கும்படி ஒரு பகுதியைத் திறந்துவிடவும் முடியும். அப்படி வாசிப்பவருக்குத் தனியாக உரிமம் வாங்கத் தேவையில்லை. லாபத்துக்காக நடத்துபவனே வாசிப்பையும் எழுத்தையும் பிரித்து வைத்திருக்கிறான். இலவசமாக நடத்தும் நாங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பூட்டுகிறோம்.

விக்கி என்ற விடயமே பூட்டுவதற்காக வந்ததல்ல. 1995இல் வோர்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் முதல் விக்கியை இணையத்தில் வைத்தபோது, ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள்படும் சொல்லைத்தான் அதற்குப் பெயராக எடுத்தார். விக்கிப்பீடியாவைப் பாருங்கள். அங்கேயும் பூட்டு இருக்கிறது. சண்டை நடக்கும் பக்கங்களை யார் திருத்தலாம் என்று கட்டுப்படுத்தி வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பூட்டு எழுதுபவருக்கு மட்டும். வாசிப்பவருக்கு அந்தப் பக்கம் திறந்தே இருக்கும்.

அமெரிக்கா வரை போக வேண்டாம் என்றால் நம்முடைய 'நூலகம்' இணையத்தளத்தைப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்தில் இருந்து 2005இல் தொடங்கிய முயற்சி அது. அதுவும் விக்கி மென்பொருளில் இயங்குவதுதான். இலங்கையின் தமிழ் பேசும் மக்களின் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அங்கே இருக்கின்றன. வாசிக்கப் போனால் யாரும் உங்களிடம் அடையாள அட்டை கேட்பதில்லை. சேர்ப்பதற்கும் தொகுப்பதற்கும் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள், வாசிக்க ஊரே வரலாம். இந்த ஒழுங்கு நமக்கு ஏன் புரியவில்லை?

'போன வருடம் நடந்தது மறந்துவிட்டதா?'

மறக்கவில்லை. அதைக் காட்டித்தான் இன்று பூட்டுகிறார்கள் என்பதால் அதையும் கதைப்போம்.

போன வருடம் யாரோ ஒருவர் விக்கியின் முழுப் பகுதியையும் 'எல்லோரும் பார்க்கலாம்' என்று திறந்துவிட்டார். அதற்குள் ஒரு பாடசாலையின் பரிகாரக் கற்பித்தல் வகுப்புப் பட்டியலும் இருந்தது. பிள்ளைகளின் பெயர், தவணைப் பரீட்சைப் புள்ளி, பக்கத்தில் குறிப்பு. தந்தை இல்லை, பாதணி வவுச்சர் கொடுக்க வேண்டும், வாசிக்கத் தெரியாது என்றெல்லாம். அதை ஒருவர் போனில் படம் பிடித்து அனுப்ப, அது அந்தப் பிள்ளையின் அயல் வீடு வரை போனது. அந்தப் பிள்ளை ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை.

இது பாரதூரமான விடயம். 'எல்லாவற்றையும் திறந்துவிடு, அறிவு பொதுச் சொத்து' என்று கோஷம் போடும் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாடக்குறிப்பு பொதுச் சொத்து. பிள்ளையின் புள்ளி பொதுச் சொத்து அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தகவலை விசேட வகைத் தரவுகளுக்குள் வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஓர் ஆசிரியருக்கு இது தெரிய வேண்டும்.

ஆனால் கமிட்டியிடம் ஒரு கேள்வி. அந்தப் பட்டியல் வெளியே போவதற்கு முன்னர் அதை யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? உரிமம் உள்ள 25 பேரும்! வேறு பாடசாலை ஆசிரியர்கள், அந்தப் பிள்ளையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். அவர்களுக்கு அந்தப் பிள்ளையின் வீட்டு நிலைமையைப் பார்க்க என்ன உரிமை இருந்தது? காசு கட்டிய கணக்கு இருந்தது, அவ்வளவுதான்.

ஆக, முதலாம் திகதி போடப்போகும் பூட்டு அந்தப் பிள்ளையைப் பாதுகாக்காது. பட்டியல் நாளைக்கும் 25 பேருக்குத் திறந்தே இருக்கும். தொண்டர் ஆசிரியைக்கு ஒளித்தொகுப்பு பற்றிய குறிப்பு கிடைக்காமல் போகும். பூட்ட வேண்டியதைத் திறந்து வைத்துவிட்டு, திறக்க வேண்டியதைப் பூட்டுகிறோம்.

அந்தப் பட்டியல் அந்த விக்கியிலேயே இருந்திருக்கக் கூடாது. இப்போது பக்கத்தில் இருந்து பெயர்களை அழித்துவிட்டோம் என்கிறார்கள். விக்கியில் ஒரு வரியை அழித்தால் பழைய பதிப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும். பக்க வரலாற்றைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

பொதுக் கணக்கு என்ற குறுக்கு வழி

அறிவித்தல் வந்த அன்றிரவே சிலருக்குத் தனியாக ஒரு செய்தி போயிருக்கிறது. "பாஸ்வேர்ட் இதுதான், யாருக்கும் சொல்ல வேண்டாம்." ஒரு கணக்கு, பல பேர். சட்டம் பெரிதாகப் போடுவது, பிறகு வேண்டியவர்களுக்குப் பின்கதவைத் திறப்பது. நம் நாட்டில் இது புதிதல்ல.

இது மூடிய கதவையும் விட மோசம். வாசிக்க மட்டும் தேவைப்பட்ட ஆளுக்கு, எழுதவும் அழிக்கவும் கூடிய திறப்பைக் கொடுக்கிறோம். போன வருடம் இரசாயனவியல் அலகு ஒன்று முழுதாக அழிந்தது. பழைய பதிப்பில் இருந்து மீட்டெடுத்தோம். அழித்தது யார் என்று பார்த்தால் பொதுக் கணக்கின் பெயர். எட்டுப் பேருக்கு அந்தக் கடவுச்சொல் தெரியும். கடைசியில் பழி யார் தலையில் விழுந்தது? எட்டுப் பேரில் நியமனம் இல்லாத ஒரே ஆளான அந்தத் தொண்டர் ஆசிரியையின் தலையில். நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. சொந்தப் பெயரில் வாசிப்பு அனுமதி மட்டும் இருந்திருந்தால் அவர் மீது யாரும் விரல் நீட்டியிருக்க முடியாது. சரியான அனுமதி பலவீனமானவரையும் பாதுகாக்கும் என்பது இதுதான்.

'டியூஷன் மாஸ்டர்மார் எடுத்து விற்பார்கள்'

இதுதான் கமிட்டியின் பிரதான வாதம். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய வாதமும்கூட. இராப்பகலாக எழுதிய குறிப்பை இன்னொருவர் தன்னுடைய பெயரைப் போட்டு, டியூட் என்று அச்சடித்து விற்றால் வயிறு எரியாதா? எரியும். எனக்கும் எரிந்திருக்கிறது.

ஆனால் யோசியுங்கள். பூட்டினால் யாருக்குக் கிடைக்காமல் போகும்? டியூஷன் மாஸ்டருக்கா? 25 பேரில் ஒருவர் அவருடைய வகுப்பிலேயே பகுதி நேரம் படிப்பிக்கிறார். அவருக்கு எப்படியும் போய்ச் சேரும். பணம் உள்ளவருக்குப் பூட்டு ஒரு தடையே அல்ல. வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்குத்தான் அது தடை.

இன்னொன்று. ஒரு டியூட்டுக்கு விலை வருவதே அது வேறெங்கும் கிடைக்காததால்தான். அதே குறிப்பு இலவசமாக எல்லோருக்கும் திறந்திருந்தால், அதைக் காசு கொடுத்து வாங்க எந்தத் தாய்க்கும் தேவை வராது. நாங்கள் பூட்டுவதால் அவருடைய சரக்குக்கு நாங்களே விலை ஏற்றிக் கொடுக்கிறோம். உங்கள் பெயர் நிற்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவரின் பெயரைப் போடுங்கள். வணிக நோக்கில் பாவிக்கக் கூடாது என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் அறிவிப்பைப் போடுங்கள். பெயரோடு ஆயிரம் பேர் பார்த்த குறிப்பைத்தான் திருடுவது கடினம்.

'பிழை இருந்தால் வெளியே மானம் போகுமே' என்பது அடுத்த வாதம். மின்னியல் செயலட்டை ஒன்றில் அம்பியர்மானியைச் சமாந்தரமாக இணைத்து வரைந்திருந்தோம். உரிமம் உள்ள எவரும் அதைக் காணவில்லை. கண்டுபிடித்தது 11ஆம் தர மாணவி ஒருவர். தன்னுடைய டீச்சருக்குச் சொல்லி, அவர் எங்களுக்குச் சொன்னார். வாசகர் இருந்ததால் பிழை திருந்தியது. இல்லாவிட்டால் இன்றும் அந்த வரைபடம் அப்படியே இருந்திருக்கும்.

'காசு கட்டியவர்களுக்கு அநியாயம்' என்று ஒரு குரல். காசு கட்டியவர்கள் நாங்கள் அல்ல, வெளிநாட்டில் இருக்கும் அந்தப் பிள்ளைகள். அவர்கள் 25 பேர் வாசிப்பதற்காகவா தந்தார்கள்? அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

இந்த நாட்டில் நாங்கள் எல்லோரும் யாருடைய காசில் படித்தோம்? கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இருந்து பாடநூல் இலவசம். இன்று கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூலையும், தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டியையும் யாரும் இறக்கி எடுக்கலாம். அரசாங்கமே கடவுச்சொல் கேட்காத இடத்தில், அந்தப் பாடநூலை வைத்து நாங்கள் எழுதிய விளக்கத்துக்குக் கடவுச்சொல்லா?

அப்படியானால் என்ன செய்வது?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. ஆளைப் பார்த்து அல்ல, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து அனுமதி கொடுங்கள். இதுதான் என் வாதத்தின் சாரம். செய்ய வேண்டியவை:

1. விக்கியை இரண்டு பகுதியாகப் பிரியுங்கள். முடிந்த குறிப்புகள், செயலட்டைகள், விளக்கங்கள் ஒரு பகுதியில். அது கணக்கே இல்லாதவருக்கும் வாசிக்கத் திறந்திருக்கட்டும். வரைவுகளும் கூட்டக் குறிப்புகளும் மற்றப் பகுதியில், எழுதுபவர்களுக்கு மட்டும்.

2. பிள்ளைகளின் பெயர் உள்ள எதுவும் விக்கிக்கு வரவே கூடாது. அது அந்தந்தப் பாடசாலையில், அந்தந்த வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் இருக்கட்டும். இருப்பவற்றைப் பழைய பதிப்புகளோடு சேர்த்து நிரந்தரமாக அகற்றுங்கள்.

3. ஒரே பகுதிக்குள் சில பக்கங்களை மட்டும் பூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கொன்ஃபுளுவன்ஸ் போன்றவற்றில் தாய்ப் பக்கத்துக்குப் போடும் பார்வைக் கட்டுப்பாடு அதன் கீழுள்ள எல்லாப் பக்கத்துக்கும் இறங்கும். திருத்தக் கட்டுப்பாடு அப்படி இறங்காது. இது தெரியாமல் பூட்டினால் ஓர் அலகு முழுவதும் மறைந்துபோகும், அல்லது பூட்டியதாக நினைத்த பக்கத்தை யாரும் திருத்தலாம். பூட்ட மறந்த பக்கம் ஒன்று போதும், போன வருடம் நடந்தது திரும்பவும் நடக்க.

4. அனுமதியைத் தனி ஆட்களுக்குக் கொடுக்காமல் குழுக்களுக்குக் கொடுங்கள். எழுதுவோர், சரிபார்ப்போர், நிர்வாகிகள். இடமாற்றம் வந்தால் ஆளைக் குழுவில் இருந்து எடுத்தால் போதும். அவர் எழுதிய பக்கத்தில் அவருடைய பெயர் இருக்கட்டும். அதை வாசிக்கும் உரிமையும் இருக்கட்டும்.

5. பொதுக் கணக்கை இன்றே மூடுங்கள்.

6. ஒவ்வொரு தவணை ஆரம்பத்திலும் ஒருவர் கணக்கில் இருந்து வெளியேறி, வெறும் வாசகராக விக்கியைத் திறந்து பார்க்கட்டும். தெரிய வேண்டியது தெரிகிறதா, தெரியக் கூடாதது தெரிகிறதா? நிர்வாகியின் கணக்கில் இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால்தான் போன வருடம் யாருக்கும் தெரியவில்லை.

7. உரிமம் இல்லாத வாசகர் பிழையைச் சொல்ல ஒரு வழி வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு தொலைபேசி இலக்கமோ ஒரு சின்னப் படிவமோ போதும். முக்கியமான அலகுகளைத் தரவிறக்கக்கூடிய கோப்பாகவும் வையுங்கள். டேட்டா முடிந்த பிறகும் பிள்ளை வாசிக்கட்டும்.

இவை எதற்கும் மேலதிகமாக ஒரு டொலர் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை தேவை. நான் வந்து உட்காரத் தயார்.

கடைசியாக

எனக்குக் கவலை தருவது அந்த அறிவித்தலை விட அதன் கீழ் வந்த கட்டைவிரல்கள். திறப்பு கையில் இருப்பவர் பூட்டுகிறார் என்றால் அவருக்கு ஒரு காரணம் இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் மற்ற 24 பேர் வெளியே நிற்பவர் யார் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே. அவர்களில் பலர் சில வருடங்களுக்கு முன் தொண்டர் ஆசிரியர்களாக இருந்தவர்கள். பழைய வினாத்தாள் ஒன்றுக்காக யாருடைய வீட்டு வாசலிலோ நின்றவர்கள்.

முதலாம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கமிட்டியிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, அறிவித்தலை நிறுத்தி வைத்து எல்லோரையும் கூட்டிக் கதையுங்கள், உரிமம் இல்லாதவர்களையும் சேர்த்து. இரண்டு, அதற்கு முன்னர், இன்றிரவே, அந்தப் பிள்ளைகளின் பட்டியலைப் பழைய பதிப்புகளோடு அகற்றுங்கள். இரண்டாவதற்குக் கூட்டம் தேவையில்லை.

இந்த நிலைமை உங்கள் குழுவிலும் இருந்தால் கீழே எழுதுங்கள். யாருடைய பெயரையும், பாடசாலையின் பெயரையும் போட வேண்டாம். போட்டால் அந்தக் கருத்தை அகற்றிவிடுவேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் தாராளமாக எழுதலாம், கண்ணியமாக.